பொதுப் பள்ளியும் தனி வேலியும்

பங்கு மக்கள் எழுதித் தரும் திருப்பலிக் கருத்துச் சீட்டுகள் அவர்களுடைய வாழ்வின் சுருக்கம் எனலாம். நோயாளியின் நலம், தேர்வில் வெற்றி, மகளின் திருமணம், இறந்தோரின் ஆன்ம இளைப்பாற்றி என அச்சீட்டுகளில் மனிதரின் அச்சமும் ஆவலும் ஒருங்கே இடம் பெறுகின்றன. சில மாதங்களுக்கு முன் அவற்றிடையே ஒன்றைக் கண்டோம். அமெரிக்காவில் பணிபுரியும் மகனுக்கு 'நல்ல பள்ளி மாவட்டத்தில்' வீடு அமைந்தமைக்காக நன்றித் திருப்பலி வேண்டியிருந்தனர். மகிழ்வோடு நிறைவேற்றினோம். பேரப்பிள்ளைகள் நன்றாகப் படிக்க வேண்டும் என்று விரும்பும் முதியோரைக் குறை கூற எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் அந்தச் சொல் நம்மை விட்டு அகலவில்லை. நல்ல பள்ளி மாவட்டம் என ஒன்று உண்டெனின், நல்லதல்லாத பள்ளி மாவட்டமும் ஒன்று இருத்தல் வேண்டும். அதில் யாருடைய பிள்ளைகள் படிக்கின்றனர்? அவர்களுக்காக நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுப்போர் யார்?

இக்கேள்வியை எழுப்பினால், "சாமி, அது அந்த நாட்டு வழக்கம், நமக்கேன் அந்தக் கவலை?" என்று கேட்போர் உண்டு. நம் பிள்ளைகள் அந்த நாட்டில் வீடு வாங்குகின்றனர். அங்கே வரி கட்டுகின்றனர். அங்குள்ள ஆலயங்களில் நற்கருணை உட்கொள்கின்றனர். அவர்கள் வாங்கும் வீட்டுக்கு நாம் இங்கிருந்து ஆசீர் அனுப்புகிறோம். ஆகவே அந்த வீட்டோடு சேர்த்து அவர்கள் எதை வாங்குகின்றனர் என்று அறிவது நம் கடமையே.

நம் நாட்டில் அரசுப் பள்ளி ஆசிரியருக்கு ஊதியம் அளிப்பது மாநில அரசு. சிற்றூர் ஆசிரியரும் நகரத்து ஆசிரியரும் ஒரே கருவூலத்திலிருந்து ஊதியம் பெறுகின்றனர். அமெரிக்காவில் அவ்வாறன்று. அங்கே பொதுப் பள்ளிகளை நடத்துபவை ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள். மிகப் பெரும்பாலான மாவட்டங்களுக்கு மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட தனிக்குழு உண்டு. தனி எல்லைக்கோடும் உண்டு. பள்ளிக்கான செலவில் ஒரு பகுதியை மாநில அரசு தருகிறது. சிறு பகுதியைக் கூட்டாட்சி அரசு தருகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி அந்த எல்லைக்குள் உள்ள வீடு, நிலம், தொழிலகம் ஆகியவற்றின் மீது விதிக்கப்படும் சொத்து வரியிலிருந்து வருகிறது. எல்லைக்குள் விலை உயர்ந்த வீடுகள் இருப்பின் குறைந்த வரி விகிதத்திலேயே பள்ளிக்குப் பெரும் பணம் சேரும். எளிய வீடுகள் மட்டுமே இருப்பின் மக்கள் தம்மையே வருத்திக்கொண்டாலும் சில்லறையே சேரும். நல்ல பள்ளியால் வீட்டின் விலை ஏறும். ஏறிய விலை எளியோரை எல்லைக்கு வெளியே நிறுத்தும். இவ்வாறு எவரும் கல் சுமக்காமலேயே ஒரு மதில் எழும்பிவிடுகிறது.

அந்தோனியார் நகரின் இரு பள்ளி மாவட்டங்கள்

இது வெறும் கோட்பாடு அன்று. டெக்சாஸ் மாநிலத்தில் சான் அந்தோனியோ என்றொரு பெருநகர் உண்டு. 1691ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள், பதுவைப் புனித அந்தோனியாரின் திருநாளன்று, ஸ்பானியர் அங்கு வந்து தங்கியதால் அப்பெயர் பெற்றது. செவ்வாய்க்கிழமைதோறும் அந்தோனியார் நவநாளுக்குத் திரளும் நம் மக்களுக்கு, ஏழைகளுக்கு அவர் பெயரால் அப்பம் வழங்கும் மரபைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. அந்த அப்பத்தின் புனிதர் பெயரைத் தாங்கிய நகரிலே, கல்வி என்னும் அப்பம் எவ்வாறு பகிரப்பட்டது என்பதைக் காண்போம்.

நகரின் மேற்கே எட்ஜ்வுட் பள்ளி மாவட்டம். அங்கு வாழ்ந்தோர் பெரும்பாலும் மெக்சிக்கோ வழிவந்த உழைக்கும் மக்கள். குவாதலூப்பே அன்னையின் பக்தர்கள். நம்மைப் போன்ற கத்தோலிக்கர். வடக்கே அலமோ ஹைட்ஸ் பள்ளி மாவட்டம். முன்னாளில் புறநகராக எழுந்த அலமோ ஹைட்ஸ், 1922இல் தனி நகராட்சியாயிற்று. இன்று பெருநகரால் சூழப்பட்டிருந்தும் தனித்தே நிற்கிறது. அப்பகுதியின் அஞ்சல் குறியீடு 78209. அங்கு வாழ்வோரை 'ஒன்பதுக்காரர்' என்னும் பொருள்பட அந்நகர மக்கள் அழைப்பதுண்டு. அஞ்சல் எண்ணே ஒரு குலப்பெயராகிவிட்டது!

1967–68ஆம் கல்வியாண்டின் கணக்கை அமெரிக்க உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் பதிவு செய்துள்ளது. எட்ஜ்வுட்டில் ஏறத்தாழ 22,000 மாணவர். அவர்களுள் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் மெக்சிக்கோ வழியினர். ஒரு மாணவருக்கு ஈடாக அங்கிருந்த சொத்தின் மதிப்பு 5,960 டாலர். அலமோ ஹைட்ஸில் ஏறத்தாழ 5,000 மாணவர், பெரும்பாலோர் வெள்ளையர். ஒரு மாணவருக்கு ஈடான சொத்து மதிப்பு 49,000 டாலருக்கும் மேல். எட்ஜ்வுட் மக்கள் தம் சொத்தின் ஒவ்வொரு 100 டாலர் மதிப்புக்கும் 1.05 டாலர் வரி கட்டினர். அப்பெருநகரப் பகுதியிலேயே அதுதான் மிக உயர்ந்த விகிதம். அலமோ ஹைட்ஸ் மக்கள் கட்டியது 85 சென்ட். மாநில நிதித் திட்டத்துக்குச் செலுத்த வேண்டிய பங்கு போக, எட்ஜ்வுட் தன் வரியால் ஒரு மாணவருக்குத் திரட்ட முடிந்தது 26 டாலர். அலமோ ஹைட்ஸ் திரட்டியது 333 டாலர். மாநில, கூட்டாட்சி உதவிகளையெல்லாம் சேர்த்த பின்னும், ஒரு மாணவருக்கு எட்ஜ்வுட்டில் 356 டாலரும் அலமோ ஹைட்ஸில் 594 டாலரும் கிடைத்தன.

வாசகர்கள் இவ்வெண்களை மீண்டும் ஒருமுறை வாசிக்க வேண்டுகிறோம். 'ஏழைகள் கல்வியைப் பொருட்படுத்துவதில்லை' என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. எட்ஜ்வுட் மக்கள் செல்வரைவிட அதிக விகிதத்தில் தம்மீது வரி விதித்துக்கொண்டனர். காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசுகளைப் போட்ட கைம்பெண்ணை நம் ஆண்டவர் பாராட்டினார். அந்தக் கைம்பெண்ணுக்கு எட்ஜ்வுட்டில் கிடைத்தது பாராட்டன்று. பழுதடைந்த பள்ளிக் கட்டடமும் போதிய தகுதிச் சான்று பெறாத ஆசிரியர்களுமே.

1968ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஏறத்தாழ 400 பேர் வகுப்புகளை விட்டு வெளியேறி, மாவட்டக் கண்காணிப்பாளரின் அலுவலகத்துக்கு ஊர்வலமாகச் சென்றனர். அவர்கள் கேட்டவை தகுதியான ஆசிரியர்களும் சீரான கட்டடங்களும். அதே ஆண்டில் பெற்றோரும் வழக்குத் தொடுத்தனர். முதல் மனுதாரர் தெமேத்ரியோ ரோத்ரிகஸ், விமானப்படைத் தளத்தில் தகட்டு வேலை செய்த தொழிலாளி, முன்னாள் படைவீரர். நாட்டுக்காகப் பணிபுரிந்தவர், தம் பிள்ளைக்கு ஒரு பள்ளி கேட்டு நீதிமன்றப் படியேறினார்.

கோடு மதிலான கதை

1971இல் கீழ் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் 1973ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் அதை மாற்றிவிட்டது. கல்வி, அமெரிக்க அரசியல் சட்டம் காக்கும் அடிப்படை உரிமைகளுள் ஒன்றன்று என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. அதை எழுதிய நீதியரசர் லூயிஸ் பவல் ஒருகாலத்தில் ரிச்மண்ட் நகரப் பள்ளிக் குழுவின் தலைவராக இருந்தவர். நிற அடிப்படையிலான பள்ளிப் பிரிவினையை எதிர்த்து வழக்காடி 1954இல் வென்றவரும், அந்நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதியரசருமான தர்குட் மார்ஷல் இத்தீர்ப்பைக் கடுமையாக மறுத்து எழுதினார்.

அடுத்த ஆண்டு, 1974இல், டெட்ராய்ட் நகர் குறித்த வழக்கிலும் ஐவருக்கு நால்வர் என்றே தீர்ப்பு வந்தது. நகரப் பள்ளிகளையும் அதைச் சூழ்ந்த 53 புறநகர்ப் பள்ளி மாவட்டங்களையும் இணைத்து மாணவரைக் கலந்து சேர்க்கும் திட்டத்தை நீதிமன்றம் நிராகரித்தது. நிறத்தைச் சொல்லிப் பள்ளிக் கதவை அடைப்பது 1954இல் சட்டவிரோதமாயிற்று. எல்லைக்கோட்டைச் சொல்லி அடைப்பதோ இருபது ஆண்டுகளுக்குப் பின் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றது. புறநகர் என்பது அன்று முதல் ஓர் ஊராக மட்டும் இருக்கவில்லை. பொறுப்பிலிருந்து விலக்குப் பெறும் சான்றிதழாகவும் ஆனது.

இம்முறைக்கு ஆதரவாக எழும் வாதங்களுக்கு நேர்மையாக விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

"பணத்தால் மட்டும் பள்ளி சிறப்பதில்லை" என்பது முதல் வாதம். செலவுக்கும் கல்வித் தரத்துக்கும் உள்ள தொடர்பு பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு என்று பவலும் எழுதினார். நாம் ஒன்றே கேட்கிறோம். பணத்தால் பயனில்லை எனின், பணம் உள்ளோர் அதைப் பகிர ஏன் இவ்வளவு தயங்குகின்றனர்? பயனற்ற பொருளைக் காக்க எவரும் நீதிமன்றம் ஏறுவதில்லை.

"தம் பள்ளியைத் தாமே ஆளும் உரிமை மக்களுக்கு வேண்டும்" என்பது இரண்டாம் வாதம். கத்தோலிக்கர் இதை எளிதில் தள்ளிவிட முடியாது. சிறிய சமூகம் தானே செய்யக் கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்ளலாகாது என்று 1931இல் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் கற்பித்தார். இதைத் துணைநிலைக் கோட்பாடு என்கிறோம். ஆனால் அக்கோட்பாட்டுக்கு மறுபாதி ஒன்று உண்டு. சிறிய சமூகத்தால் இயலாதபோது பெரிய சமூகம் துணைநிற்க வேண்டும்; பெயரிலேயே துணை இருக்கிறது. 26 டாலர் மட்டுமே திரட்ட முடிந்த மாவட்டத்துக்கு எதைத் தேர்ந்துகொள்ளும் உரிமை இருந்தது? நூலகமா, ஆய்வுக்கூடமா என்று தெரிவு செய்ய இரண்டுக்குமே பணம் இல்லாதவருக்கு, ஆளும் உரிமை என்பது வறுமையைத் தாமே நிருவகிக்கும் உரிமை மட்டுமே.

"உழைத்துச் சம்பாதித்து வீடு வாங்கினோம், இதில் என்ன பாவம்?" என்பது மூன்றாம் வாதம். நம் பிள்ளைகள் சொல்வது இதுவே. உழைப்பு உண்மை, அதை மதிக்கிறோம். ஆனால் தகட்டு வேலை செய்தவரும் உழைத்தவர்தாம். மேலும், நாட்டின் பல நகரங்களில், சான் அந்தோனியோவிலும், வெள்ளையரல்லாதார்க்கு வீட்டை விற்கலாகாது என்ற நிபந்தனை கிரயப் பத்திரங்களிலேயே எழுதப்பட்டிருந்த காலம் ஒன்று இருந்தது. அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் செயல்படுத்தலாகாது என்று 1948இல்தான் உச்ச நீதிமன்றம் கூறியது. பத்திரத்திலிருந்து அச்சொற்கள் வலுவிழந்தன. வீட்டின் விலை அவற்றின் வேலையைத் தொடர்ந்து செய்தது. நம் பிள்ளைகளும் நிறத்தால் வெள்ளையரல்லர். பழைய பத்திரத்தின்படி அவர்களுக்கும் அங்கே இடமில்லை. வழிபோக்கனாய் வெளியே நின்றவன் உள்ளே சென்றதும் முதல் வேலையாகக் கதவைத் தாழிடுவது நன்றியுடைமை ஆகுமா?

இலாசரின் உவமையில் வரும் செல்வன் அவனை அடித்ததாகவோ விரட்டியதாகவோ லூக்கா கூறவில்லை. அவனுக்கு ஒரு வாயில் இருந்தது, வாயிலுக்கு வெளியே இலாசர் கிடந்தான், அவ்வளவே. செல்வன் தன் வீட்டாருக்கு நல்ல தந்தையாகக்கூட இருந்திருக்கலாம். இறந்த பின்னும் தன் ஐந்து சகோதரர்களுக்காகத்தானே மன்றாடுகிறான்! தன்னவர் மீது அவன் கொண்ட அன்பில் குறையில்லை. அந்த அன்பு வாயிலோடு நின்றுவிட்டதே குற்றம்.

பங்குகள் செய்த பணி

சான் அந்தோனியோ திருச்சபை இதில் வாளாவிருக்கவில்லை என்பது நமக்குப் பெருமை. பேராயர் இராபர்ட் லூசி 1954இல் தம் மறைமாவட்டக் கத்தோலிக்கப் பள்ளிகளில் இனப் பிரிவினையை நீக்கினார். 1970இல் அங்கே துணை ஆயராகத் திருநிலை பெற்ற பத்ரீசியோ புளோரஸ் அமெரிக்காவில் மெக்சிக்கோ வழிவந்த முதல் ஆயர். பின்னர் அந்நகரின் பேராயரானார். 1974இல் மேற்குப் பகுதிக் கத்தோலிக்கப் பங்குகளை அடித்தளமாகக் கொண்டு, எர்னெஸ்தோ கோர்த்தெஸ் என்னும் பொதுநிலையினரின் முயற்சியால், 'பொதுப்பணிக்காக ஒருங்கிணைந்த சமூகங்கள்' என்னும் பொருள்படும் அமைப்பு உருவாயிற்று. மழைக்காலத்தில் வீடுகளில் புகும் வெள்ளத்துக்கு வடிகால் கேட்டுத் தொடங்கியவர்கள், பள்ளி நிதியிலும் நீதி கேட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் செபமாலை சொல்லும் தாய்மாரும் பங்குப் பேரவையினருமே. நம் பங்குப் பேரவைகள் திருவிழா மின்விளக்குகளைப் பற்றி மூன்று மணி நேரம் விவாதிக்கையில் இவர்களை நினைத்துக்கொள்கிறோம்.

1984இல் எட்ஜ்வுட்டும் பிற ஏழை மாவட்டங்களும் இம்முறை மாநில நீதிமன்றத்தை நாடின. 1989இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசரும் ஒருமனதாக அவர்கள் பக்கம் நின்றனர். அத்தீர்ப்பு தரும் கணக்கின்படி, மாநிலத்தின் மிகச் செல்வ மாவட்டத்தில் ஒரு மாணவருக்கு ஈடான சொத்து மதிப்பு 1 கோடியே 40 இலட்சம் டாலருக்கும் மேல்; மிக வறிய மாவட்டத்தில் ஏறத்தாழ 20,000 டாலர். எழுநூறுக்கு ஒன்று! 1993இல் சட்டமன்றம் செல்வ மாவட்டங்களின் மிகுதி வருவாயில் ஒரு பகுதியைப் பிற மாவட்டங்களுக்குப் பகிரச் சட்டம் இயற்றியது. இடைவெளி பெரிதும் குறைந்தது, முற்றிலும் மறையவில்லை.

அச்சட்டத்துக்கு மக்கள் வைத்த பெயரைக் கவனியுங்கள்: 'ராபின் ஹூட் சட்டம்'. ராபின் ஹூட் நல்லவனாயினும் கொள்ளைக்காரன். அப்படியானால் பகிர்வது கொள்ளை, பகிராதிருப்பது நேர்மை! ஒரு பெயரிலேயே வழக்கின் முடிவை எழுதிவிட்டனர். திருச்சபைத் தந்தையர் இதற்கு நேர்மாறாகக் கற்பித்தனர். ஏழைக்குக் கொடுக்கும் செல்வர் தம்முடையதைத் தருவதில்லை, அவனுக்குரியதைத் திருப்பித் தருகின்றனர் என்பதே புனித அம்புரோசியாரின் போதனை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1987ஆம் ஆண்டு செப்டம்பரில் சான் அந்தோனியோவின் மேற்குப் பகுதியிலுள்ள குவாதலூப்பே அன்னை ஆலயத்துக்கு வந்து அம்மக்களோடு பேசினார். அதே ஆண்டு டிசம்பரில் கையொப்பமிட்ட சுற்றுமடலில், தனியார் உடைமை மீது சமூகத்தின் அடைமானம் ஒன்று உண்டு என்று எழுதினார். வீட்டுக் கடனுக்கு வங்கியிடம் அடைமானம் வைத்துள்ள நம் பிள்ளைகளுக்கு இவ்வுவமை நன்கு விளங்கும். வங்கியின் தவணையை ஒரு மாதமும் தவறவிடாதவர்கள், அந்த மற்றைத் தவணையை எப்போது செலுத்துவார்கள்?

அண்மையில் வேறொரு வழி முன்வைக்கப்பட்டுள்ளது. 2025இல் டெக்சாஸ் மாநிலம் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு உதவ 100 கோடி டாலர் ஒதுக்கிச் சட்டம் இயற்றியது. கத்தோலிக்க ஆயர்களும் அதை ஆதரித்தனர். பிள்ளைகளுக்குரிய பள்ளியைத் தெரிவு செய்யும் பெற்றோரின் உரிமையை இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965இல் வலியுறுத்தியிருக்கிறது; அதை மறுக்கோம். ஆயின் அதே சங்கம், எந்த இனத்தவராயினும் நிலையினராயினும் எல்லா மனிதருக்கும் கல்வி பெறும் உரிமை உண்டு என்றும் சொன்னது. சில பிள்ளைகள் வெளியேற வழி திறக்கும்போது, வெளியேற இயலாது எஞ்சும் பிள்ளைகளின் பள்ளி நலிவுறுமெனில், அது எவ்வகை விடுதலை? கத்தோலிக்கப் பள்ளிகள் நிரம்புவதைக் கண்டு மகிழுமுன் இக்கேள்விக்கு விடை தேடியே ஆகவேண்டும்.

நம் வீட்டு வாயில்

அடுத்தவர் வீட்டு வேலியைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு நம் வாயிலைப் பாராமல் முடிப்பது நேர்மையன்று. நம் மறைப்பணியாளர் இந்நாட்டில் பள்ளிகளைத் தொடங்கியபோது, பிறர் வாயிலில் நிற்கவும் விடாத பிள்ளைகளை உள்ளே அழைத்து அமர்த்தினர். இன்றும் எத்தனையோ துறவியரும் ஆசிரியரும் அப்பணியைத் தொடர்கின்றனர், அவர்களுக்குத் தலைவணங்குகிறோம். ஆனால் ஒரே வளாகத்தில் ஒருபுறம் ஓடு பெயர்ந்த தமிழ்வழிப் பள்ளியும், மறுபுறம் பளபளக்கும் கட்டண ஆங்கிலவழிப் பள்ளியும், இடையே ஒரு சுவரும் நிற்பதை நாம் கண்டதில்லையா? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்தோர் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்றது. சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு அச்சட்டம் பொருந்தாது என்று 2014இல் நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறுபான்மையினர் உரிமை விலைமதிப்பற்றது. அதை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் அத்தீர்ப்பு வந்தபோது நம்மிடையே எழுந்த நிம்மதிப் பெருமூச்சு எதற்கானது? உரிமை காக்கப்பட்டதற்கா, அல்லது இலாசர் உள்ளே வரமாட்டான் என்பதற்கா? சட்டம் வற்புறுத்தாததை நற்செய்திக்காக நாமே முன்வந்து செய்திருக்கலாமே!

அயல்நாட்டில் வாழும் நம் பிள்ளைகள் வீட்டை விற்றுவிட வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. அங்கே பள்ளிக் குழுவுக்குத் தேர்தல் நடக்கிறது. வாக்குரிமை பெற்றோர் வாக்களிக்கலாம். பள்ளி நிதியைப் பகிரும் சட்டம் விவாதத்துக்கு வரும்போது, 'எங்கள் பணம் எங்களுக்கே' என்று முழங்கும் கூட்டத்தில் சேராதிருக்கலாம். எழுந்து மறுத்துப் பேசலாம். எல்லைக்கு அப்பாலுள்ள பங்கோடு தம் பங்கை இணைக்கலாம். எளியோர் வாழத்தக்க சிறு வீடுகள் தம் தெருவில் கட்டப்படுவதை எதிர்த்து மனு வந்தால், கையொப்பமிட மறுக்கலாம். அந்தக் கையொப்பமும் ஒரு பாவசங்கீர்த்தனப் பொருளே என்று நாம் கருதுகிறோம்.

நன்றித் திருப்பலி வேண்டிய அந்தக் குடும்பத்தினர் இதை வாசிப்பர் என்று அறிவோம். வருந்தற்க என்று கேட்டுக்கொள்கிறோம். அடுத்த ஆண்டும் சீட்டு எழுதுங்கள், மகிழ்வோடு ஒப்புக்கொடுப்போம். உங்கள் பேரப்பிள்ளைகளின் பெயர்களை எழுதியபின், அதே சீட்டில் இன்னும் ஒரு வரி சேருங்கள்: எல்லைக்கோட்டுக்கு அப்பால் படிக்கும், நமக்குப் பெயர் தெரியாத பிள்ளைகளுக்காகவும். அதற்குத் தனிக் காணிக்கை வேண்டியதில்லை.